நைஜீரியால இவ்வளவு எண்ணெய் இருந்தும் ஏன் இவ்வளவு வறுமை? ஊழல் மட்டும்தான் காரணமா?

தம்பி ரெண்டு விஷயம் கேட்டிருந்தார். 1956லயே எண்ணெய் கண்டுபிடிச்ச நாடு, ஆப்பிரிக்காவுலயே பெரிய எண்ணெய் நாடுன்னு பேரு, அப்புறமும் ஏன் ஜனம் சோத்துக்கு திண்டாடுது, எல்லாம் ஊழல்தானேன்னு ஒண்ணு. டாங்கோட்டேங்கிற பெரிய முதலாளி கட்டுன எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை, அந்த டாங்கோட்டே ரிஃபைனரி, ஓட ஆரம்பிச்சாச்சே, இனிமே சரியாயிடுமான்னு இன்னொண்ணு. நான் லாகோஸ்ல இகேஜா பக்கம் ஒரு பிளாஸ்டிக் கம்பெனியில மெயின்டனன்ஸ்ல எட்டு வருஷம் இருந்தேன், 2011ல போய் 2019ல திரும்பினேன். அந்த ஊரு எனக்கு சோறு போட்ட ஊரு, அதனால கொஞ்சம் நீளமாவே சொல்றேன், பொறுமையா படிங்க.

முதல்ல கரண்ட்ல இருந்து ஆரம்பிக்கிறேன், ஏன்னா அங்க போய் இறங்குற யாருக்கும் மொதல்ல கண்ணுல படுறது அதுதான். சாயங்காலம் ஆச்சுன்னா தெரு முழுக்க ஜெனரேட்டர் சத்தம். வசதியானவங்க வீட்டுல டீசல் ஜெனரேட்டர், இல்லாதவங்க வீட்டுல கையில தூக்கிட்டு போற சைஸ்ல ஒரு குட்டி டூ ஸ்ட்ரோக் ஜெனரேட்டர். அதுக்கு ஊருல வச்சிருக்கிற பேரே "ஐ பெட்டர் பாஸ் மை நெய்பர்", அதாவது பக்கத்து வீட்டுக்காரனைவிட நான் ஒரு படி மேலன்னு அர்த்தம். பெட்ரோல்ல ஆயில் கலந்து ஊத்தி, கயிறை நாலஞ்சு தடவை இழுத்தா புகையோட ஸ்டார்ட் ஆகும், ஒரு ஃபேனும் ரெண்டு பல்பும் ஒரு டிவியும் ஓடும், அவ்வளவுதான் அதோட சக்தி. ராத்திரி திருட்டு பயத்துல அதை வீட்டுக்குள்ளயே வச்சு ஓட்டி, புகையில மூச்சு முட்டி குடும்பத்தோட செத்துப்போனாங்கன்னு பேப்பர்ல வராத வருஷமே இல்லை. மெயின் கரண்ட் வந்துருச்சுன்னா தெருவுல இருக்கிற பிள்ளைங்க எல்லாம் ஒரே குரலா "அப் நேப்பா!"ன்னு கத்தும். நேப்பாங்கிறது பழைய மின்வாரியத்தோட பேரு. 2005லயே அந்த பேரை மாத்திட்டாங்க, 2013ல துண்டு துண்டா பிரிச்சு தனியாருக்கு வித்துட்டாங்க, ஆனா பிள்ளைங்க இன்னும் அதே பேரைத்தான் சொல்லி கத்துதுங்க. கரண்ட் வர்றதை ஒரு திருவிழா மாதிரி கொண்டாடுற பிள்ளைங்களைப் பாத்தப்ப எனக்கு முதல்ல சிரிப்பு வந்துச்சு, ஒரு மாசம் கழிச்சு சிரிப்பு வரலை.

கணக்கு பாருங்க. நம்ம தமிழ்நாடு ஏழெட்டு கோடி ஜனம், கோடைல கரண்ட் தேவை 20,000 மெகாவாட்டை தாண்டுது. நைஜீரியா 20 கோடிக்கு மேல ஜனம், கிரிட்ல வர்றது 4,000ல இருந்து 5,000 மெகாவாட். இத்தனைக்கும் ஆப்பிரிக்காவுலயே அதிகமா இயற்கை எரிவாயு இருக்கிற நாடு அது, அந்த வாயுவை எண்ணெய் எடுக்குற நைஜர் ஆத்து டெல்டாவுல ராத்திரி பகலா சும்மா எரிச்சுட்டு இருக்காங்க. எங்க ஃபேக்டரில இன்ஜெக்‌ஷன் மோல்டிங் மெஷின் ஓடும்போது கரண்ட் போச்சுன்னா பேரல்ல இருக்கிற பிளாஸ்டிக் அப்படியே இறுகிடும், மறுபடி சூடேத்தி பர்ஜ் பண்ணி எடுக்கணும், ஒரு ஷிஃப்ட்ல ரெண்டு தடவை ஆச்சுன்னா அன்னிக்கு லாபம் அதோட போச்சு. அதனால நாங்க கிரிட்டையே நம்பாம சொந்தமா ஜெனரேட்டர்ல ஓட்டுனோம், அந்த செலவு முழுக்க ஒவ்வொரு பிளாஸ்டிக் வாளி மேலயும் ஏறும், அப்புறம் சைனா வாளியோட எப்படி போட்டி போடுறது? நூறு பேருக்கு வேலை குடுக்க வேண்டிய ஃபேக்டரி நாப்பது பேரோட நிக்கிறது இப்படித்தான். வேலை இல்லைன்னா வறுமை. இதுக்கு பெரிய பொருளாதார படிப்பெல்லாம் தேவையில்லை.

சரி, எண்ணெய் காசு எங்க போச்சு? இங்க முதல்ல ஒரு நினைப்பை மாத்திக்கணும். நைஜீரியா "பணக்கார" எண்ணெய் நாடுன்னு சொல்றதே பாதி தப்பு. ஒரு நாளைக்கு 15 லட்சம் பேரல்னு வச்சுக்கோங்க, பேரல் 80 டாலர், வருஷத்துக்கு 4,400 கோடி டாலர் கிட்ட வரும். கேக்க பெருசா இருக்கும். அதை 22 கோடி பேருக்கு பிரிச்சா தலைக்கு வருஷத்துக்கு 200 டாலர். ஒரு நாளைக்கு நம்ம காசுல 45 ரூபாய் சொச்சம். அதுவும் எடுக்கிற செலவு, வெளிநாட்டு கம்பெனி பங்கு எல்லாம் கழிக்கிறதுக்கு முன்னாடி. நார்வேயும் இதே அளவுல, இதைவிட கொஞ்சம் கூடவே எடுக்குது, ஆனா அங்க ஜனத்தொகை 55 லட்சம். குவைத்தோட, நார்வேயோட நைஜீரியாவை ஒப்பிடுறதே சரியில்லை. ஊழல்ல ஒரு பைசாகூட போகலைன்னு வச்சுக்கிட்டாலும், எண்ணெயை வித்து பங்கு போட்டு யாரும் பணக்காரன் ஆக முடியாது. அந்த காசை வச்சு வேற ஏதாவது ஒண்ணை, பள்ளிக்கூடமோ கரண்டோ விவசாயமோ, உருவாக்கியிருந்தாத்தான் உண்டு.

அப்படி உருவாக்குற பழக்கம் அவங்ககிட்ட இல்லாமலா இருந்துச்சு? இருந்துச்சு, எண்ணெய்க்கு முன்னாடி. மேற்கு பகுதில கோகோ, கிழக்குல பாமாயில், வடக்குல நிலக்கடலை. கானோ ஊருல நிலக்கடலை மூட்டைய கோபுரம் மாதிரி அடுக்கி வச்சிருப்பாங்களாம், பழைய போட்டோல்லாம் இன்னும் இருக்கு. மேற்கு பகுதில அவோலோவோ தலைமையில இருந்த அரசாங்கம் 1955ல இலவச ஆரம்பக் கல்வி கொண்டு வந்துச்சு, அதுக்கு பின்னாடி இருந்தது கோகோ விவசாயியோட காசு. இபாதான்ல கோகோ ஹவுஸ்னு ஒரு உயரமான கட்டடம் இப்பவும் நிக்குது, அதுவும் அந்த காலத்து காசுதான். இதுல முக்கியமான விஷயம் என்னன்னா, அன்னிக்கு அரசாங்கத்துக்கு வருமானம் வேணும்னா விவசாயி விளைவிக்கணும், அவன் நல்லா இருந்தாத்தான் கஜானா நிறையும், அதனால ரோடு போட்டாங்க, விதை குடுத்தாங்க, பள்ளிக்கூடம் கட்டுனாங்க. விவசாயியை சுரண்டவும் செஞ்சாங்க, அது வேற கதை, ஆனா அவனை மறக்க முடியலை.

எண்ணெய் வந்ததும் அந்த கட்டாயம் போயிருச்சு. என்னோட மொத்த பதிலும் இதுதான்னு வச்சுக்கோங்க. எண்ணெய் காசு ஜனங்ககிட்ட இருந்து வர்றது இல்லை. கடலோரத்துல நாலு வெளிநாட்டு கம்பெனி எடுக்கும், ராயல்டியும் வரியும் நேரா தலைநகருக்கு போகும். விவசாயி விளைவிச்சாலும் விளைவிக்காட்டியும், ஃபேக்டரி ஓடினாலும் ஓடாட்டியும் மந்திரிக்கு ஒரு நஷ்டமும் இல்லை. ஜனத்துக்கும் அரசாங்கத்துக்கும் நடுவுல இருந்த கொடுக்கல் வாங்கல் அறுந்து போச்சு. வரி குடுக்காதவன் கணக்கு கேக்க மாட்டான், வரி வாங்காதவன் கணக்கு சொல்ல மாட்டான்.

1973-74ல எண்ணெய் விலை நாலு மடங்கு ஏறுனப்ப நடந்த கூத்தை பாருங்க. அரசு ஊழியர் சம்பளத்தை ஒரேயடியா ஏத்தி அரியர்ஸோட குடுத்தாங்க. ராணுவ ஆட்சி 2 கோடி டன் சிமென்ட் ஆர்டர் போட்டுச்சு, லாகோஸ் துறைமுகத்தால அதை இறக்க வாய்ப்பே இல்லை, 1975ல நூத்துக்கணக்கான கப்பல் சிமென்ட்டோட மாசக்கணக்கா கடல்ல நின்னுச்சு, நின்ன ஒவ்வொரு நாளுக்கும் அபராதம் வேற கட்டுனாங்க. அதே சமயம் டாலர் கொட்டுனதால அவங்க நாணயமான நைராவோட மதிப்பு ஏறி, வெளிநாட்டு அரிசியும் கோதுமையும் உள்ளூர் விளைச்சலைவிட சல்லிசா ஆயிருச்சு, இளவட்டங்க வயலை விட்டுட்டு டவுனுக்கு வந்துட்டாங்க. கானோ நிலக்கடலை கோபுரம் மறைஞ்சதுக்கு வறட்சியும் ஒரு செடி நோயும்கூட காரணம், அதை மறைக்கக் கூடாது. ஆனா நோய் வந்தா ஓடி வந்து பாக்குற அரசாங்கம் அன்னிக்கு இல்லை.

எங்க பெரியப்பா 1979ல அங்க வாத்தியாரா போனவர். அந்த சமயத்துல எல்லா பிள்ளைக்கும் ஆரம்பப் பள்ளின்னு 1976ல திட்டம் ஆரம்பிச்சு, வாத்தியார் பத்தாம தமிழ்நாட்டுல இருந்தும் கேரளாவுல இருந்தும் நிறைய பேரை கூப்பிட்டாங்க. வடக்குல ஒரு மாநிலத்துல செகண்டரி ஸ்கூல்ல கணக்கு எடுத்தார். அப்ப ஒரு நைரா 14 ரூபாய் கிட்ட, டாலரைவிட நைரா பெருசு. அவர் அனுப்புன காசுலதான் எங்க ஊர் வீடு மாடி வீடாச்சு. எண்ணெய் விலை விழுந்ததும் மூணு மாசம் சம்பளம் வரலை, அப்புறம் ஆறு மாசம், 84ல பெட்டியைக் கட்டிட்டு வந்துட்டார். அவர் கடைசி வரைக்கும் சொன்னது சம்பளத்தைப் பத்தி இல்லை. "பசங்க அவ்வளவு ஆர்வமா படிச்சாங்கடா, வாத்தியார்தான் ஒருத்தர் ஒருத்தரா போயிட்டோம்"னு சொல்லுவார். இப்ப ஒரு ரூபாய் குடுத்தா பத்து நைராவுக்கு மேல வரும்.

இப்ப ஊழல் கேள்விக்கு வர்றேன். ஊழல் இல்லைன்னு நான் சொல்லவே மாட்டேன். ராணுவ சர்வாதிகாரி அபாச்சா 1993ல இருந்து 98 வரைக்கும் ஆண்டு நூத்துக்கணக்கான கோடி டாலரை வெளிநாட்டுல பதுக்குனது ஊரறிஞ்ச விஷயம், சுவிட்சர்லாந்து மாதிரி பல நாட்டுல இருந்து அது தவணை தவணையா திரும்பி வந்துட்டு இருக்கு. 2014ல மத்திய வங்கி கவர்னரா இருந்த சனுசி, அரசு எண்ணெய் கம்பெனி கணக்குல 2,000 கோடி டாலர் அரசு கஜானாவுக்கு வரலைன்னு சொன்னார், சொன்னவரைத்தான் சஸ்பெண்ட் பண்ணாங்க. 2022ல ஃபோர்காடோஸ் எண்ணெய் முனையத்துல இருந்து கடலுக்குள்ள 4 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு திருட்டு பைப்லைன் இருந்ததை கண்டுபிடிச்சாங்க, ஒன்பது வருஷமா ஓடிட்டு இருந்துச்சாம். ஒன்பது வருஷம்! அது ராத்திரில யாரோ ரெண்டு பேர் குழாய்ல ஓட்டை போட்டு திருடுற வேலை இல்லை.

ஆனா ஊழல் மட்டும்தான் காரணம்னா இந்தோனேசியாவுக்கு என்ன பதில்? அதுவும் பெரிய ஜனத்தொகை, அதுவும் பல இனம் பல மொழி, அதுவும் எண்ணெய், அதுவும் ராணுவ ஆட்சி, 60கள்ல ரெண்டு நாடும் ஏழ்மையில கிட்டத்தட்ட ஒரே நிலைமை. அங்க முப்பது வருஷம் ஆண்ட ராணுவத் தளபதி சுகார்த்தோ திருடுனது 1,500 கோடியில இருந்து 3,500 கோடி டாலர் வரைக்கும் இருக்கும்னு மதிப்பீடு, அபாச்சாவைவிட பல மடங்கு. ஆனா அங்க எண்ணெய் காசுல 1973ல இருந்து அஞ்சாறு வருஷத்துல 61,000 ஆரம்பப் பள்ளி கட்டுனாங்க, எரிவாயுவை எரிக்காம உரத் தொழிற்சாலை போட்டாங்க, 1984ல அரிசில தன்னிறைவு வந்துச்சு. அவங்க அரசாங்க கணக்குப்படி 1970ல 60 சதவீதமா இருந்த வறுமை 1996ல 11 சதவீதம். சுகார்த்தோ நல்லவர்னு நான் சொல்ல வரலை, அவர் ஆட்சிக்கு வந்த வழியில லட்சக்கணக்கான பேரை கொன்னு குவிச்சிருக்காங்க. ஆனா அவருக்கு ஜாவா கிராமத்து விவசாயியைக் கண்டு பயம் இருந்துச்சு, அரிசி விலை ஏறுனா ஆட்சி கவுந்துடும்னு கண்ணால பாத்தவர். அதனால திருடுனதுக்கு நடுவுலயும் விவசாயியோட வயிறைப் பாத்துக்கிட்டார். நைஜீரிய ராணுவத் தளபதிகளுக்கு அந்த பயம் இல்லை, அவங்களுக்கு பயம் இன்னொரு தளபதி மேலதான்.

அதனால அங்க அரசியல்னாலே பானையைச் சுத்தி நடக்கிற சண்டைதான். எண்ணெய் காசு மாசா மாசம் தலைநகர் அபுஜாவுல ஒரு கமிட்டில பிரிப்பாங்க, மத்திய அரசுக்கு பாதிக்கு மேல, மாநிலத்துக்கு கால் பங்கு சொச்சம், மிச்சம் 774 உள்ளாட்சிக்கு. சுதந்திரம் வாங்குனப்ப இருந்தது மூணு பகுதி. 1967ல 12 மாநிலம், 76ல 19, 91ல 30, 96ல 36. ஒவ்வொரு புது மாநிலமும் அந்த பானைக்கு ஒரு புது கரண்டி. புது கவர்னர் (அங்க கவர்னர்னா நம்ம முதலமைச்சர் மாதிரி), புது செயலகம், புது கான்வாய். மாநிலம் தன் ஊருல என்ன விளையுதுன்னு பாக்குறதைவிட அபுஜாவுல இருந்து இந்த மாசம் எவ்வளவு வருதுன்னுதான் பாக்கும், பல மாநிலத்துக்கு அந்த பணம் வரலைன்னா சம்பளம் போட முடியாது. சேத்து வைக்க முயற்சி பண்ணாமலும் இல்லை, 2004ல ஒபாசாஞ்சோ ஜனாதிபதியா இருந்தப்ப உபரி எண்ணெய் காசை தனி கணக்குல போட்டாங்க, 2008 முடிவுல அதுல 2,000 கோடி டாலர் கிட்ட இருந்துச்சு. கவர்னர்கள் எல்லாம் சேர்ந்து எங்க பங்கை குடுன்னு பிடுங்கி பிடுங்கி, இப்ப அதுல பத்து லட்சம் டாலர்கூட கிடையாது.

எண்ணெய் எடுக்குற ஊரோட நிலைமை இதுலயே மோசம். முதல் கிணறு தோண்டுன ஒலோய்பிரில இருந்து 1970கள்ல எண்ணெய் வத்திப்போச்சு, கம்பெனி போயிருச்சு, துருப்பிடிச்ச குழாயும் ஒரு போர்டும்தான் மிச்சம். ஒரு பகுதில எடுக்குற கனிம வருமானத்துல பாதி அந்த பகுதிக்கேன்னு சுதந்திரத்தப்ப சட்டம் இருந்துச்சு, கோகோ நிலக்கடலை காலத்து பேச்சு அது. கிழக்கு பகுதி பியாஃப்ரான்னு தனி நாடா பிரியப் பாத்ததால நடந்த போர் முடிஞ்சு (1967-70, பட்டினியிலயே பத்து லட்சத்துக்கு மேல செத்துருப்பாங்கன்னு கணக்கு) ராணுவம் மொத்தத்தையும் மத்தியில குவிச்சுக்கிச்சு, பாதியா இருந்த பங்கு 80கள்ல 1.5 சதவீதம் வரைக்கும் இறங்குச்சு, இப்ப 13. டெல்டாவுல இருக்கிற ஒகோனி இன மக்களுக்காக பேசுன எழுத்தாளர் கென் சரோ-விவாவையும் கூட எட்டு பேரையும் 1995 நவம்பர் 10ஆம் தேதி போர்ட் ஹார்கோர்ட்ல தூக்குல போட்டாங்க. 2011ல ஐநா சுற்றுச்சூழல் அமைப்பு ஒகோனி நிலத்தை ஆராய்ஞ்சு ரிப்போர்ட் குடுத்துச்சு. ஒரு ஊர்ல ஜனங்க குடிக்கிற கிணத்துல பென்சீன் உலக சுகாதார நிறுவன அளவைவிட 900 மடங்குக்கு மேல. சுத்தம் பண்ண 25, 30 வருஷம் ஆகும்னு எழுதியிருந்தாங்க.

நான் போர்ட் ஹார்கோர்ட்டுக்கு ஒரே ஒரு தடவை வேலையா போனேன், ராத்திரி ரோட்ல வரும்போது தூரத்துல வானமே ஆரஞ்சு கலர்ல இருந்துச்சு, ஏதோ தீ விபத்துன்னு பயந்தேன். டிரைவர் சொன்னார், அது கேஸ் எரியுறது, அவர் பொறந்ததுல இருந்து அணைஞ்சதே இல்லைன்னு. அந்த வெளிச்சத்துக்கு கீழ இருந்த ஊர்ல ஒரு வீட்டுலயும் கரண்ட் இல்லை. 1984க்குள்ள நிறுத்தணும்னு சட்டம் போட்ட விஷயம் அது.

ஏற்றத்தாழ்வைப் பத்தி ஒரே ஒரு கணக்கு சொல்றேன். 2019ல அரசு புள்ளிவிவரத் துறை எடுத்த வறுமைக் கணக்குல, ஒரு நாளைக்கு 376 நைராகூட செலவு பண்ண முடியாதவங்க நாடு முழுக்க 40 சதவீதம், 8 கோடியே 29 லட்சம் பேர். லாகோஸ்ல அது 4.5 சதவீதம். வடக்குல இருக்கிற சொகோட்டோ மாநிலத்துல 87.7. ஒரே கொடி, ஒரே பாஸ்போர்ட். வடக்குல தண்ணி இல்லை, துறைமுகம் இல்லை, பெண் பிள்ளைங்க பள்ளிக்கூடம் போறது ரொம்ப குறைவு, அதுக்கு மேல 2009ல இருந்து போகோ ஹராம் தீவிரவாதம். எண்ணெய் காசு வடக்கு மாநிலங்களுக்கும் மாசா மாசம் போனாலும், அது ஒரு பிள்ளைக்கு எழுத்தா மாறாம கவர்னர் ஆபீஸோட நின்னுருது. லாகோஸ்குள்ளயே 4.5ங்கிறதை நம்பி ஏமாந்துடாதீங்க, தேர்ட் மெயின்லேண்ட் பாலத்துல போகும்போது கீழ மகோகோ தெரியும், தண்ணி மேல கட்டை நட்டு கட்டுன வீடுங்க, மீன் புகை போடுற புகை பாலம் வரைக்கும் வரும். அந்த பக்கம் கடல்ல மண்ணைக் கொட்டி நிலமாக்கி கண்ணாடி மாடி கட்டுறாங்க, இந்த பக்கம் 2012ல நோட்டீஸ் குடுத்து சில நாள்ல மகோகோவுல ஒரு பகுதியை வெட்டி சாய்ச்சாங்க.

ஆனா லாகோஸ் கதைல ஒரு பாடம் இருக்கு, அதை நைஜீரியாக்காரங்களே அதிகம் பேசுவாங்க. 2004ல லாகோஸ் மாநில அரசு தன்னிச்சையா புது உள்ளாட்சிகளை உருவாக்குச்சுன்னு மத்திய அரசு கோபப்பட்டு அதோட உள்ளாட்சிப் பணத்தை நிறுத்தி வச்சிருச்சு. வேற வழியில்லாம மாநிலம் சொந்தமா வரி வசூல் பண்றதை தீவிரப்படுத்துச்சு. 1999ல மாசம் 60 கோடி நைரா கிட்ட இருந்த சொந்த வருமானம் பத்து பன்னெண்டு வருஷத்துல மாசம் 2,000 கோடியை தொட்டுச்சு. பணவீக்கத்தைக் கழிச்சாலும் பெரிய பாய்ச்சல். வரி கட்ட ஆரம்பிச்ச ஜனம் ரோடு எங்கன்னு கேட்டுச்சு, 2008ல பஸ்ஸுக்கு தனி லேன் வந்துச்சு, குப்பை அள்ளுனாங்க. எல்லாம் சுத்தமா நடந்துச்சுன்னு இல்லை, வரி வசூல் கான்ட்ராக்ட் பத்தியே ஆயிரம் புகார் உண்டு. ஆனாலும் மத்த 35 மாநிலத்துக்கும் இதுக்கும் வித்தியாசம் கண்ணால தெரியும்.

இன்னொண்ணு, "அந்த ஊர் ஆளுங்களுக்கே திறமை பத்தாது"ன்னு நம்ம ஆளுங்க சிலர் வாய் கூசாம சொல்லுவாங்க, அது எனக்கு பொறுக்காது. 2014 ஜூலைல எபோலா ஒரு விமானப் பயணி மூலமா லாகோஸுக்கு வந்தப்ப நான் அங்கதான் இருந்தேன். இரண்டு கோடி பேர் நெருக்கியடிக்கிற ஊரு, உலகமே பயந்துச்சு. எங்க ஃபேக்டரி கேட்ல நெத்திக்கு டெம்பரேச்சர் கன் காட்டித்தான் உள்ள விட்டாங்க, கை குலுக்குறதையே ஊர் மறந்துச்சு. போலியோவுக்காக ஏற்கனவே உருவாக்கி வச்சிருந்த டீமை வச்சு, நோயாளிங்களோட தொடர்புல இருந்த சுமார் 900 பேரை பின்தொடர்ந்து, வீடு வீடா போய், மொத்தம் 20 கேஸ், 8 சாவோட மூணே மாசத்துல முடிச்சாங்க. முதல் நோயாளியை வெளிய விடாம தடுத்து நிறுத்துன ஒரு டாக்டரம்மா அந்த நோயிலயே இறந்துட்டாங்க. திறமைக்கும் தியாகத்துக்கும் அங்க பஞ்சமே இல்லை.

பெட்ரோல் மானியம் பத்தி சொல்லாம இந்த பதில் முடியாது. எண்ணெய் நாடா இருந்தும் பெட்ரோலை வெளிநாட்டுல இருந்துதான் வாங்குனாங்க, ஏன்னா அரசோட நாலு ரிஃபைனரியும் வருஷக்கணக்கா படுத்துக்கிச்சு. வாங்குன விலைக்கும் விக்கிற விலைக்கும் நடுவுல அரசு காசு போடும். 2012 ஜனவரி 1ஆம் தேதி காலைல எழுந்தா லிட்டர் 65 நைரா 141 ஆயிருந்துச்சு, ஒரு வாரம் நாடே ஸ்தம்பிச்சுது, ஒஜோட்டா மைதானத்துல லட்சக்கணக்கான ஜனம், எங்க கம்பெனி ஆளுங்களும் போனாங்க. கடைசில 97க்கு இறக்குனாங்க. அந்த மானியத்துல பெரும் லாபம் இறக்குமதி முதலாளிங்களுக்கும், கார் வச்சிருக்கிறவங்களுக்கும்தான். நாடாளுமன்ற கமிட்டியே 680 கோடி டாலர் முறைகேடுன்னு சொல்லுச்சு, அந்த கமிட்டி தலைவரே லஞ்ச கேஸ்ல 2021ல தண்டனை வாங்குனார். பொருளாதார நிபுணருங்க எல்லாம் மானியத்தை எடுன்னாங்க, கணக்குப்படி சரிதான். ஆனா என்கூட வேலை பாத்த எலக்ட்ரீஷியன், இபாதான்காரர், அன்னிக்கு என்கிட்ட கேட்டது இது: "ஒகா, கரண்ட் அவங்க குடுக்கலை, தண்ணி நான் போர் போட்டேன், பிள்ளைக்கு பிரைவேட் ஸ்கூல், தெருவுக்கு வாட்ச்மேன் நாங்களே காசு போட்டு வச்சிருக்கோம். எங்க எண்ணெய்ல எனக்கு கிடைக்கிறது இந்த பெட்ரோல் ஒண்ணுதான், அதையும் எடுத்தா நான் எதுக்கு இந்த நாட்டுக்காரன்?" என்கிட்ட பதில் இல்லை. ஒகான்னா அங்க முதலாளி, மேஸ்திரி, பெரியவர் எல்லாத்துக்கும் சொல்ற சொல்.

2023 மே 29ஆம் தேதி பதவியேத்த அன்னிக்கே புது ஜனாதிபதி டினுபு மானியம் முடிஞ்சுதுன்னு அறிவிச்சார், அடுத்த மாசம் நைராவை சந்தை போக்குல விட்டாங்க. டாலருக்கு 460 நைரா இருந்தது அடுத்த வருஷம் 1,500ஐ தாண்டுச்சு. பெட்ரோல் 200க்குள்ள இருந்தது 1,000. 2024 ஜூலைல குறைந்தபட்ச சம்பளத்தை 70,000 நைராவா ஏத்துனாங்க, அதே வருஷ கடைசில 50 கிலோ அரிசி மூட்டை அந்த சம்பளத்தைவிட ஜாஸ்தி. மருந்தை குடுத்தது தப்புன்னு நான் சொல்லலை, கடன் வட்டிக்கே மத்திய வருமானத்துல 80 சதவீதத்துக்கு மேல போன நாடு வேற என்ன பண்ணும்? ஆனா சாப்பிடாம இருக்கிறவனுக்கு ஊசியை மட்டும் போட்டாங்க. ஏழைங்க கைக்கு நேரா பணம் போறதுக்கு முதல்ல வழி பண்ணிட்டு அப்புறம் மானியத்தை எடுத்திருக்கணும், அந்த வழி இல்லவே இல்லை, ஏன்னா ஐம்பது வருஷமா யார் எங்க எப்படி இருக்காங்கன்னு அரசாங்கம் தெரிஞ்சுக்க அவசியமே படலை.

இப்ப டாங்கோட்டே. 2,000 கோடி டாலர் கிட்ட போட்டு லாகோஸ் பக்கம் லெக்கில கட்டுன ரிஃபைனரி, ஒரு நாளைக்கு 6.5 லட்சம் பேரல், 2024 ஜனவரில ஓட ஆரம்பிச்சு செப்டம்பர்ல பெட்ரோல் வந்துச்சு. நல்ல விஷயம், நான் மனசார சந்தோஷப்பட்டேன். இறக்குமதி குறையும், டாலர் மிச்சமாகும், நாலு ரிஃபைனரியை அரசாங்கத்தால ஓட்ட முடியாத ஊர்ல ஒருத்தர் ஓட்டிக் காட்டுறார். ஆனா விலை சந்தை விலைதான், பெட்ரோல் பழைய 65க்கு வராது. உள்ளூர்ல கச்சா எண்ணெய் பத்தாம அமெரிக்காவுல இருந்து கப்பல்ல இறக்குனாங்க. ஒரு ரிஃபைனரில வேலை சில ஆயிரம் பேருக்கு, வருஷா வருஷம் வேலை தேடி வர்றது பல லட்சம் பேர். ஒரே முதலாளி கையில நாட்டோட பெட்ரோல் போறதும் கவனிக்க வேண்டிய விஷயம், ஏற்கனவே சிமென்ட்ல அப்படித்தான்.

நான் பாக்குறது அந்த ரிஃபைனரியை இல்லை, கரண்ட் பில்லை. 2024 ஏப்ரல்ல "பேண்ட் ஏ"ன்னு ஒரு வகை கொண்டு வந்தாங்க, ஒரு நாளைக்கு 20 மணி நேரம் கரண்ட் தருவோம், ஆனா யூனிட் 68 நைராவுக்கு பதிலா 225ன்னு. அந்த எலக்ட்ரீஷியன் தெரு அந்த வகைல வந்துச்சு. ஆரம்பத்துல கண்டபடி திட்டுனார். ஒரு மாசம் கழிச்சு வாட்ஸ்அப்ல ஒரு நோட்டு போட்டோ அனுப்புனார். எத்தனை மணிக்கு கரண்ட் வந்துச்சு, எத்தனை மணிக்கு போச்சுன்னு அவர் பொண்ணு கையெழுத்துல நாள் வாரியா எழுதி வச்சிருந்துச்சு. 20 மணி நேரம்னாங்க, கூட்டிப் பாத்தா 14தான் வருதாம், தெருக்காரங்க பன்னெண்டு பேர் அந்த நோட்டை எடுத்துக்கிட்டு மின்சார கம்பெனி ஆபீஸுக்கு போயிருக்காங்க. எட்டு வருஷம் அவரோட இருந்திருக்கேன், கரண்ட்டைப் பத்தி கணக்கு எழுதி அவர் நான் பாத்ததே இல்லை.